பெஸ்ட் அவுட்கோயிங் பதக்கமும் ஒரு லீவ் லெட்டரும்

ஹெல்த் அசிஸ்டண்ட் டிப்ளமோ முடித்துப் பட்டமளிப்பு நாளில் நான் போட்டிருந்த கறுப்பு அங்கி வாடகைக்கு எடுத்தது. கழுத்துப் பட்டியில் எனக்கு முன்னால் போட்டவரின் பவுடர் வாசனை அப்படியே இருந்தது. அந்த அங்கியோடுதான் மேடையேறி ‘பெஸ்ட் அவுட்கோயிங் ஸ்டூடண்ட்’ பதக்கம் வாங்கினேன். அப்போது எனக்கு வயது 36. பிளஸ் டூ முடித்து பதினெட்டு வருடம் ஆகியிருந்தது. அன்றிலிருந்து எங்கள் வியாசர்பாடியில் தெருக்குழாயடியில் பார்க்கிற பெண்களெல்லாம் “எப்படிக்கா வாங்குன? நாங்களும் சேரலாமா?” என்று கேட்கிறார்கள். ஒவ்வொருத்தரிடமும் சொல்லிச் சொல்லி வாய் வலிக்கிறது. அதனால் எழுதி வைக்கிறேன்.

கம்யூனிட்டி காலேஜில் சேரப் போகிறேன் என்றதும் என் மாமியார் கேட்ட முதல் கேள்வி, “எந்த சாதிக்காரங்க நடத்துறாங்க?” கம்யூனிட்டி சர்டிபிகேட்டுக்காகத் தாலுகா ஆபீஸ் படியேறி இறங்கியவருக்கு வேறெப்படித் தோன்றும்! தமிழில் சமுதாயக் கல்லூரி என்பார்கள். சுற்றுவட்டாரத்தில் இருப்பவர்கள், படிப்பைப் பாதியில் விட்டவர்கள், வயது ஏறியவர்கள் என யார் வேண்டுமானாலும் வந்து ஒரு வருடத்தில் வேலைக்கான கைத்திறனைக் கற்றுக்கொண்டு போகிற இடம். அமெரிக்காவில் 1901-லேயே ஜோலியட் என்ற ஊரில் இப்படியொன்று தொடங்கிவிட்டார்கள். நம் பக்கம் 1995-இல் புதுச்சேரியில் வந்தது, அடுத்த வருடமே சென்னையிலும். தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம் 2002-இல் வந்த பிறகு பல சமுதாயக் கல்லூரிகள் அதன் அங்கீகாரத்தில் டிப்ளமோ நடத்த ஆரம்பித்தன. இதெல்லாம் எனக்கு முன்பே தெரிந்ததல்ல. விழாவில் மாணவர்கள் சார்பாக மூன்று நிமிடம் பேசச் சொன்னார்கள், அதற்காகப் படித்தது. அரங்கத்தில் கைத்தட்டல் வந்தது என்னவோ மாமியார் கேள்விக்குத்தான்.

சேருவதற்கு முன்னால் நான் ஒருமுறை ஏமாந்ததையும் சொல்லிவிடுகிறேன். மெயின் ரோட்டில் மாடியில் இருந்த ஒரு பயிற்சி நிலையம். “ஒரே வருஷத்துல நர்ஸ்” என்று பெரிய பேனர். நகையை அடகு வைத்துப் பணம் கட்டினேன். முடிவில் கையில் கொடுத்த சான்றிதழில் அவர்கள் கடைப்பெயரைத் தவிர வேறு எந்தப் பெயரும் இல்லை. ஒரு மருத்துவமனை வாசலில் அதைக் காட்டினேன். அங்கிருந்த பெண் புரட்டிக்கூடப் பார்க்காமல் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

ஆகவே, எந்தக் கல்லூரியானாலும் கட்டணம் எவ்வளவு என்று கேட்பதற்கு முன்னால், போன பேட்ச் மாணவர் ஒருவரின் மதிப்பெண் பட்டியலைக் கேட்டுப் பாருங்கள். அதில் எந்தப் பல்கலைக்கழகத்தின் பெயர் இருக்கிறது, அந்த வருடத்துக்கான அங்கீகாரக் கடிதம் அலுவலகத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். காட்ட மறுத்தால் கிளம்பிவிடுங்கள். நான் முடித்தது ஹெல்த் அசிஸ்டண்ட் டிப்ளமோ. இது நர்ஸ் படிப்பு இல்லை. நர்ஸாகப் பதிவு செய்துகொள்ள ஏ.என்.எம்., ஜி.என்.எம். அல்லது பி.எஸ்சி. நர்சிங் வேண்டும். இது முடித்தால் நோயாளிக்கு உதவியாளராக, வார்டிலோ வீட்டிலோ வேலை பார்க்கலாம். அவ்வளவுதான், ஆனால் அந்த வேலைக்கு ஆள் தேவை நிறையவே இருக்கிறது. எட்டாவதோடு நின்றவர்களுக்கு ஒரு வார்த்தை: டிப்ளமோ படிக்கும்போதே பத்தாம் வகுப்பைத் தனித்தேர்வராக எழுதிவிடுங்கள். பின்னால் அரசு வேலை என்று வந்தால் பத்தாவது எங்கே என்றுதான் முதலில் கேட்பார்கள்.

படித்ததைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. மூளையைவிட என் விரல்தான் முதலில் மக்கர் செய்தது. வருடக்கணக்காக மளிகை லிஸ்ட் தவிர பெரிதாக எதையும் எழுதாத கை, முதல் மாதத் தேர்வில் இரண்டாம் பக்கத்திலேயே மரத்துப் போய்விட்டது. அப்புறம் தினமும் இரவு குக்கர் சத்தம் அடங்கியதும் கடிகாரத்தைப் பார்த்து ஐந்து பக்கம் எழுதினேன். பாடத்தையே எழுதியதால் தனியாக மனப்பாடம் செய்ய வேண்டி வரவில்லை. நாடித்துடிப்பு நிமிடத்துக்கு 60 முதல் 100, மூச்சு 12 முதல் 20, இதெல்லாம் பழைய காலண்டர் அட்டையின் பின்பக்கம் எழுதி அடுப்புக்கு மேலே மாட்டியிருந்தேன். தாளிக்கிற எண்ணெய் தெறித்து மஞ்சளாகி இன்னும் அங்கேயே தொங்குகிறது.

பிராக்டிகல்தான் முக்கியம், அதை விரிவாகச் சொல்கிறேன். பிரஷர் பார்ப்பது எல்லோருக்கும் வரும் என்று நினைத்துத்தான் பாதிப் பேர் கோட்டை விடுகிறார்கள். எதிரில் இருப்பவரை ஐந்து நிமிடம் பேசாமல் உட்கார வைக்க வேண்டும். பாதம் தரையில் படிய, கை இதய மட்டத்தில். முழங்கை மடிப்புக்கு இரண்டு விரற்கடை மேலே கஃப்பை, அதாவது காற்றடைக்கிற பட்டையை, சுற்றணும். காற்றை விடும்போது வினாடிக்கு இரண்டு மூன்று மில்லிமீட்டர்தான் இறங்கணும். எனக்கு இங்கேதான் தகராறு. பதற்றத்தில் பம்ப்பில் உள்ள திருகை ஒரேயடியாகத் திறந்துவிடுவேன், காற்று புஸ்ஸென்று போய்விடும், முதல் ‘டக்’ காதில் விழுவதற்குள் பாதரசம் பாதி இறங்கியிருக்கும். கல்லூரியில் கெஞ்சி ஒரு கருவியை வார இறுதிக்கு வாங்கி வந்து, தெருவில் யார் கை கிடைத்தாலும் பார்த்தேன். நாற்பது ஐம்பது கைக்குப் பிறகுதான் விரலுக்கு நிதானம் வந்தது. அதில் ஒரு நன்மையும் நடந்தது. எதிர்வீட்டு அக்காவுக்கு 170-க்கு 100, ரொம்ப அதிகம். மறுபடி பார்த்தேன், அதேதான். கையோடு நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அழைத்துப் போனேன். இப்போது ‘மக்களைத் தேடி மருத்துவம்’ மூலமாக அவருக்கு மாத்திரை வீட்டுக்கே வருகிறது.

தேர்வன்று வெளியிலிருந்து வந்த எக்ஸாமினர், பணி ஓய்வு பெற்ற மேட்ரன், அதாவது தலைமை நர்ஸ். நோயாளியாக உட்கார்ந்தது எங்கள் கல்லூரி ஆயாம்மா, நல்ல பருமனான கை. மேஜையில் இரண்டு கஃப், சின்னது மேலே இருந்தது. அதையே எடுத்துச் சுற்றிவிட்டேன். ஒட்டுகிற பட்டை நுனியில் மட்டும் பிடித்து நின்றது. பம்ப் செய்யக் கை போனபோதுதான் உறைத்தது. கழற்றிவிட்டு, “மேடம், இந்தக் கஃப் பத்தாது. இதுல பார்த்தா இருக்கிறதைவிடக் கூடக் காட்டும்” என்றேன். “எவ்வளவு கூட?” என்றார். “தெரியாது மேடம்.” தலையை ஆட்டிவிட்டுப் பெரிய கஃப்பை அவரே எடுத்து நீட்டினார். எனக்கு அடுத்து போனவள் அதே கேள்விக்கு ஏதோ ஒரு எண்ணை அடித்துவிட, பத்து நிமிடம் அவளைக் குடைந்து எடுத்துவிட்டார். வைவா என்கிற வாய்மொழித் தேர்வில் தெரியாததைத் தெரியாது என்று சொல்லிவிடுவது நல்லது, அடுத்த கேள்விக்குப் போய்விடுவார்கள்.

சரி, பதக்கத்துக்கு வருகிறேன். மதிப்பெண்ணுக்குத்தான் கொடுக்கிறார்கள் என்று எல்லோரையும் போல நானும் நினைத்திருந்தேன். எங்கள் கல்லூரியில் நான்கைச் சேர்த்துப் பார்த்தார்கள்: எழுத்துத் தேர்வு, பிராக்டிகல், மருத்துவமனைப் பயிற்சி, வருகைப் பதிவு. இதை யாரும் சேரும்போது சொல்லவில்லை, சொல்லியிருக்க வேண்டும் என்பது என் கட்சி. பயிற்சிக்கு லாக் புக் என்று ஒரு நீள நோட்டு கொடுப்பார்கள். இன்று யாருக்கு ஈரத்துணியால் உடம்பு துடைத்து ஸ்பாஞ்ச் செய்தேன், படுக்கைப் புண் வராமல் யாரை இரண்டு மணிக்கொருமுறை புரட்டிப் படுக்க வைத்தேன் என்று எழுதி, வார்டு சிஸ்டரிடம் கையெழுத்து வாங்க வேண்டும். பலர் வாரக் கடைசியில் மொத்தமாக எழுதி நீட்டுவார்கள், சிஸ்டர் எரிந்து விழுவார். நான் ஷிஃப்ட் முடியும் நேரத்தில் அல்ல, அதற்குப் பத்து நிமிடம் முன்னால் போவேன். முடியும் நேரத்தில் அவர் அடுத்தவரிடம் பொறுப்பை ஒப்படைத்துக்கொண்டிருப்பார், அப்போது எந்த நோட்டையும் நீட்டக் கூடாது. என் லாக் புக்கில் ஒரு நாள் விடாமல் கையெழுத்து இருந்ததற்கு இந்தப் பத்து நிமிடம்தான் காரணம், வேறு சாமர்த்தியம் ஒன்றுமில்லை.

உண்மையில் வகுப்பில் முதல் மதிப்பெண் என் பக்கத்து இருக்கைத் தோழிக்குத்தான். ஊசி போடுகிற தட்டை அடுக்கச் சொன்னால் அவள் அடுக்குகிற அழகை நின்று பார்க்கலாம். பயிற்சியின்போது அவள் மகனுக்கு டெங்கு. ஆறு நாள் எழும்பூர் குழந்தைகள் ஆஸ்பத்திரியில் பிள்ளையோடு கிடந்தாள். வார்டு சிஸ்டருக்கு போனில் சொன்னாள், அவரும் “பாத்துக்கோம்மா” என்றார். ஆனால் எழுத்தில் எதுவுமில்லை. நோட்டில் ஆறு நாள் வெற்றிடம், பதக்கத்துக்கான பட்டியலிலிருந்து பெயர் போய்விட்டது. பிள்ளையின் டிஸ்சார்ஜ் சம்மரியைக் கொண்டுபோய்க் காட்டினாள், தேதி முடிந்துவிட்டது என்றார்கள். பிள்ளை ஆஸ்பத்திரியில் கிடக்கும்போது எந்தத் தாய் காகிதம் தேடுவாள்? எனக்கு இது நியாயமாகப் படவில்லை, முதல்வரிடமும் சொன்னேன். நடக்கவில்லை. அதனால் இனி சேருகிறவர்கள், ஒரு நாள் லீவானாலும் லெட்டர் எழுதி இரண்டு நகல் எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்று வார்டில், ஒன்று கல்லூரியில், பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்து உங்கள் நோட்டில். நேரில் வர முடியாவிட்டால் வீட்டில் யாரிடமாவது கொடுத்து அனுப்புங்கள்.

விழாவில் அவள் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தாள். என் பெயரைக் கூப்பிட்டபோது என் மாமியாரைவிடச் சத்தமாகக் கைத்தட்டியவள் அவள்தான். எனக்குத்தான் அவள் பக்கம் பார்க்க முடியவில்லை. இரண்டு மாதம் கழித்து நான் வேலை பார்க்கும் இடத்தில் ஓர் இடம் காலியாக, அவளை வரச் சொன்னேன். நேர்காணலில் பதக்கத்தைப் பற்றி யாரும் கேட்கவில்லை. ஒரு கட்டிலைக் காட்டி, நோயாளி படுத்திருக்கும்போதே விரிப்பு மாற்றச் சொன்னார்கள். அன்றே எடுத்துக்கொண்டார்கள். இப்போது இருவருக்கும் ஒரே ஷிஃப்ட். எனக்கு லீவ் வேண்டுமென்றால் லெட்டரை அவளே எழுதி, நகலும் எடுத்து, கையெழுத்துப் போட வேண்டிய இடத்தைப் பென்சிலில் குறித்துத் தருகிறாள்.