உறையில் ஒரு கிழிசல்

இன்று காலை லண்டன் குளிரில் வேலைக்குக் கிளம்பும் அவசரத்தில், என் வேப் கருவியின் (மின்சிகரெட்டின்) அடிமூடியைத் திருகி இரண்டு 18650 வகை உருளை லித்தியம் பேட்டரிகளையும் உள்ளங்கையில் சரித்தபோது, மேலே இருந்த பேட்டரியின் நீல உறையில் அரிசி மணி அளவுக்கு ஒரு கிழிசல் தெரிந்தது.

உள்ளே உலோகம் பளபளத்தது.

என்னுடையது மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தும் சில்லு (சிப்) எதுவும் இல்லாத பித்தளைக் குழாய். ஒன்றன்மேல் ஒன்றாக நிற்கும் இரண்டு பேட்டரிகளும் முழு மின்னேற்றத்தில் 8.4 வோல்ட் தர, திரவத்தை ஆவியாக்கும், நானே சுற்றிய 0.6 ஓம் கம்பிச் சுருளான காயிலில் 14 ஆம்பியர், அதாவது ஏறத்தாழ 118 வாட் பாய்கிறது. இடையில் தடுத்து நிறுத்த எந்த மின்சுற்றும் கிடையாது.

18650 பேட்டரியின் உச்சிப் பொத்தான் மட்டுமே நேர்முனை, மற்ற உடல் முழுவதும் எதிர்முனை. மேல் பேட்டரியின் உடல் கீழ்ப் பேட்டரியின் நேர்முனைமீது நிற்கிறது; கருவியின் பொத்தானை அழுத்தினால் கீழ்ப் பேட்டரியின் எதிர்முனை குழாயோடு இணையும். கிழிந்த இடம் குழாயின் உட்சுவரைத் தொட்டிருந்தால், நான் அந்தப் பொத்தானை அழுத்திய கணத்திலேயே கீழ்ப் பேட்டரி குறுஞ்சுற்றாகியிருக்கும். அதுவும் முகத்துக்கு நேராக.

காயிலின் ஒவ்வொரு சுற்றையும், திரவத்தை உறிஞ்சும் பஞ்சின் அடர்த்தியையும், பித்தளையின் மெருகையும் மாதக்கணக்கில் பார்த்துப் பார்த்துச் செய்த நான், மின்சாரத்தைக் காவல் காக்கும் அந்த மெல்லிய பிளாஸ்டிக்கை ஒருநாளும் விரலால் தடவிப் பார்க்கவில்லை என்பது மனத்தை உறுத்துகிறது. மின்னழுத்தத்தைக் கூட்டுகிறவர்கள் முதலில் பழக வேண்டியது இந்தச் சோதனையைத்தான்.

மாலையில் புது உறை வாங்கி, முடி உலர்த்தியின் வெப்பக் காற்றில் சுருக்கிப் போர்த்தினேன். நேர்முனையின் வெள்ளைக் காகித வளையத்தையும் மாற்றிவிட்டேன்.