கம்பனிகளின் சமூகப் பொறுப்பை அளக்கப் போன பதினாறு மாதங்கள்

முதல் கூட்டத்துக்கு 177 பஸ்ஸில் பத்தரமுல்லைக்குப் போனபோது என் மடிக்கணினியில் 140 குறிகாட்டிகள், அதாவது கம்பனியிடம் கேட்டு அளக்கக்கூடிய 140 விடயங்கள், இருந்தன. இலங்கையில் கம்பனிகளின் சமூகப் பொறுப்பைத் தேசிய அளவில் அளப்பதற்கு ஒரு வரைவு தயாரிக்கும் குழுவில் என்னையும் சேர்த்திருந்தார்கள். சமூகப் பொறுப்புக்கென்று 2010 இல் வந்த ஐஎஸ்ஓ 26000 என்ற சர்வதேச வழிகாட்டி, கம்பனிகள் தங்கள் சமூக, சுற்றாடல் தாக்கத்தை அறிக்கையிடப் பாவிக்கும் ஜீஆர்ஐ நியமங்கள், ஐ.நா. வர்த்தக அபிவிருத்தி மாநாடு 2019 இல் வெளியிட்ட 33 அடிப்படைக் குறிகாட்டிகள் என்று எல்லாவற்றையும் புரட்டி எக்செல் தாளை நிரப்பியிருந்தேன். நிறைய இருந்தால் நல்லது என்று அப்போது நினைத்தேன். பதினாறு மாதம் கழித்து நாங்கள் கையளித்த வரைவில் 24 தான் இருந்தன. அவற்றில் சிலவற்றுக்காக நாங்கள் மல்லுக்கட்டிய கதையை எழுதிவைத்தால் இதே வேலையில் இறங்குகிறவர்களுக்கு உதவும் என்று நினைக்கிறேன்.

முதல் மல்லுக்கட்டு நன்கொடை பற்றியது. 2007 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்கக் கம்பனிகள் சட்டப்படி, கம்பனி கொடுத்த நன்கொடைத் தொகை வருடாந்த அறிக்கையில் வரவேண்டும். ஆகவே தரவு தயாராக இருக்கிறது, அலையத் தேவையில்லை. இந்தியாவின் 2013 கம்பனிகள் சட்டத்தில் 135 ஆம் பிரிவு இருக்கிறது. குறிப்பிட்ட அளவுக்கு மேற்பட்ட கம்பனிகள் மூன்று வருடச் சராசரி நிகர இலாபத்தில் 2 வீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். இங்கேயும் அதையே முதல் அளவாக வைப்போம் என்று பலர் சொன்னார்கள். எனக்கு மனம் ஒப்பவில்லை. வெள்ளம் வந்தால் உலர் உணவுப் பொதி, பள்ளிக்கூடம் தொடங்கினால் கொப்பியும் புத்தகப் பையும். இவை தேவைதான், வாங்குகிற வீட்டுக்கு அதன் அருமை தெரியும். ஆனால் இலாபத்தில் எவ்வளவு கொடுத்தாய் என்று மட்டும் கேட்டுவிட்டு நிறுத்தினால், அந்த இலாபம் வந்த வழியை யார் கேட்பது? கடைசியில் நன்கொடையை எடுத்துவிடாமல் பட்டியலின் அடியில் போட்டோம். அதற்கே மூன்று கூட்டங்கள் பிடித்தன.

அடுத்தது ஊழியர் சேமலாப நிதி, தொழிலாளியின் ஓய்வுகாலச் சேமிப்பு. சம்பளத்தில் தொழில்தருநர் 12 வீதம், தொழிலாளி 8 வீதம், அதற்கு மேல் தொழில்தருநர் ஊழியர் நம்பிக்கை நிதிக்கு 3 வீதம். "சட்டப்படி கட்டவேண்டியதைக் கட்டுவதற்கு சமூகப் பொறுப்பு என்று பெயரா?" என்று குழுவில் மூத்த கணக்காளர் சேர் கேட்டார். நியாயமான கேள்வி. நானும் முதலில் அவர் பக்கம்தான் இருந்தேன். குழுவில் இருந்த ஒரு அக்கா என் மனதை மாற்றினார். பல வருடம் தொழிலாளர் பிரச்சினைகளோடு நாரஹேன்பிட்டித் தொழில் திணைக்களத்துக்கு ஏறி இறங்கியவர் அவர். "சம்பளச் சீட்டில் எட்டு வீதம் கழித்திருக்கும், கணக்கில் போய்ப் பார்த்தால் இருக்காது. அந்தப் பிள்ளைக்கு முன்னால் நின்று நீங்கள் மரம் நட்ட படத்தைக் காட்ட முடியுமா?" என்றார். அன்றே எழுதினோம்: ஆண்டின் 12 மாதங்களில் எத்தனை மாதம் உரிய தேதிக்குள் கட்டப்பட்டது? விடை பூச்சியத்திலிருந்து பன்னிரண்டு வரை ஒரு எண். 24 இல் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். இதை நிரப்ப எந்த ஆலோசகரும் வேண்டாம்.

எட்டாவது மாதத்தில் வரைவைக் கையில் எடுத்துக்கொண்டு தொழிற்சாலைகளுக்குப் போனோம். இரத்மலானையில் ஒரு தொழிற்சாலையை நான் மறக்க மாட்டேன். வேலையிட விபத்துக்கான எங்கள் சூத்திரம் உலகம் முழுக்கப் பாவிப்பதுதான்: விபத்துகளின் எண்ணிக்கையை வேலை செய்த மணித்தியாலங்களால் பிரித்து 2 இலட்சத்தால் பெருக்குவது. நூறு பேர், வாரம் 40 மணித்தியாலம், ஐம்பது வாரம் என்றால் 2 இலட்சம். ஆகவே விடை, நூறு பேருக்கு ஒரு வருடத்தில் எத்தனை விபத்து என்பது. அவர்களின் தாளில் மூன்று விபத்து, 6 இலட்சம் மணித்தியாலம். வீதம் 1. நல்ல எண்.

பதிவேட்டைப் பார்க்கலாமா என்று கேட்டேன். மூலை மடிந்த நீளமான சீ.ஆர். கொப்பி. தேதி, பெயர், இயந்திரம், காயம் என்று ஸ்கேல் வைத்துக் கோடு போட்டிருந்தார்கள். சில வரிகளில் பெயர் இருக்கவேண்டிய இடத்தில் பெயர் இல்லை. "மேன்பவர்" என்று மட்டும் எழுதியிருந்தது. விரல், கை, விரல், கண். நான்கு வரிகள். அந்த நான்கு பேரும் ஆள் வழங்கும் முகவர் மூலம் வந்தவர்கள், கம்பனியின் ஊழியர்கள் அல்ல. அதனால் மூன்றில் சேரவில்லை. முகவரின் கணக்கிலும் அவை ஏறியிருக்குமா என்பது சந்தேகம்.

முகவர் மூலம் வந்த எல்லோருடைய 2 இலட்சத்து 40 ஆயிரம் மணித்தியாலத்தையும் சேர்த்து அங்கேயே கணக்குப் போட்டேன். ஏழு விபத்து, 8 இலட்சத்து 40 ஆயிரம் மணித்தியாலம். வீதம் 1.67. முகாமையாளர் எதையும் மறைக்கவில்லை, படிவத்தில் ஊழியர் என்று கேட்டிருந்தது, அவர் ஊழியரைச் சொன்னார். தவறு எங்கள் வரைவில். கீழே வந்தபோது பிரஸ் மெஷினுக்குப் பக்கத்தில் பொகவந்தலாவைத் தமிழ்ப் பையன் ஒருவன் நின்றான். மெஷினில் சிவப்பு எழுத்தில் ஒரு எச்சரிக்கை, சிங்களத்திலும் ஆங்கிலத்திலும். அதில் என்ன இருக்கிறது என்று கேட்டேன். "கை வைக்கக்கூடாது என்று இருக்கும் மிஸ்," என்றான். அதில் இருந்தது, கவசத்தைத் திறக்குமுன் மின்சாரத்தைத் துண்டிக்கவும் என்பது.

அந்த ஒரு நாளில் இரண்டு குறிகாட்டிகள் மாறின. ஒன்று, விபத்துக் கணக்கில் "ஊழியர்" என்ற சொல்லை வெட்டி "வளாகத்தில் வேலை செய்த எல்லோரும்" என்று போட்டோம். ஜீஆர்ஐயின் 403 ஆம் நியமமும் நிறுவனத்தின் கட்டுப்பாட்டில் வேலை செய்கிற, ஊழியர் அல்லாதவர்களைச் சேர்க்கத்தான் சொல்கிறது. நான் அதை வாசித்திருந்தும் தாளில் கொண்டுவரவில்லை. மற்றது, பாதுகாப்பு அறிவித்தல்கள் அங்கே வேலை செய்கிறவர்கள் வாசிக்கும் மொழியில் இருக்கின்றனவா என்ற கேள்வி. 1987 இல் அரசியலமைப்பின் 13 ஆவது திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கியது. ஆனால் அது அரசின் கடமை, தனியார் தொழிற்சாலைச் சுவர் வரைக்கும் வராது. சட்டம் கேட்காத இடத்தில் கம்பனி தானாக என்ன செய்கிறது என்பதுதானே நாங்கள் அளக்க வந்தது? இந்தக் குறிகாட்டிக்காகக் குழுவில் நான் குரலை உயர்த்திப் பேசினேன். அதற்காக வருத்தப்படவில்லை.

கழிவுநீர் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஆற்றில் விடும் கழிவுநீருக்கான வரம்புகள் ஏற்கெனவே இருக்கின்றன: தண்ணீரிலுள்ள அழுக்கு எவ்வளவு ஒட்சிசனை உறிஞ்சும் என்று காட்டும் அளவுகளான பீஓடீ லீற்றருக்கு 30 மில்லிகிராம், சீஓடீ 250. கொழும்புக்காரரில் பெரும்பாலானோர் குடிப்பது அம்பத்தலையில் களனி கங்கையிலிருந்து எடுக்கும் தண்ணீர் என்பதால் இதில் யாரும் தர்க்கிக்கவில்லை. சிக்கல், மாதிரி எடுக்கும் நாளை யார் தீர்மானிப்பது என்பதில். முன்னறிவித்தல் இல்லாமல் எடுத்த மாதிரிகளை மட்டும் கணக்கில் எடுப்பது என்று முடிவு செய்தோம். சிறிய கம்பனிகளுக்கு ஆறே கேள்விகள் கொண்ட தனிப் படிவம் வைத்தோம்.

கடைசி நான்கு மாதம் மொழிபெயர்ப்பு. தமிழ்ப் படிவம் வந்த அன்று இரவு வெள்ளவத்தையில் வீட்டில் இருந்து வாசித்தேன். "குறைதீர் பொறிமுறை", "தொழில்சார் இடர் தணிப்பு", "பங்கீடுபாட்டாளர் ஈடுபாடு". எல்லாம் சரியான கலைச்சொற்கள். ஆனால் இந்தப் படிவத்தின் ஒரு பகுதியைத் தொழிலாளர்களே நிரப்ப வேண்டும். கம்பனி சொல்வதையும் அவர்கள் சொல்வதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதற்காக.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்த அக்காவும் நானும் கட்டுநாயக்காவில் தொழிற்சாலைப் பிள்ளைகள் தங்கும் ஒரு போர்டிங்குக்குப் போனோம். ஒரு அறையில் நான்கு பிள்ளைகள், இருவர் மலையகம், ஒருவர் கிளிநொச்சி, ஒருவர் மூதூர். பிளேன்டீ ஊற்றித் தந்தார்கள். படிவத்தை ஒவ்வொரு வரியாகச் சத்தமாக வாசித்தோம். "பொறிமுறை என்றால் மெஷினா அக்கா?" என்று கேட்டாள் மூதூர்ப் பிள்ளை. பொறி என்றால் இயந்திரம் என்று படித்திருக்கிறாள், அவள் கேட்டதில் என்ன பிழை? இடரைக் காயம் ஆக்கினோம். பங்கீடுபாட்டாளரை அடித்துவிட்டு "தொழிற்சாலையைச் சுற்றி இருக்கிற சனம்" என்று எழுதினோம். குறைதீர் பொறிமுறை இருந்த இடத்தில் இப்போது, "வேலையில் உங்களுக்கு ஒரு பிரச்சினை வந்தால், அதைச் சொல்வதற்கு யாராவது இருக்கிறார்களா?" என்று இருக்கிறது. விடைக்கு ஆம், இல்லை என்று இரண்டு பெட்டிகள் வைத்திருந்தோம்.

கிளிநொச்சிப் பிள்ளை பேனையைப் பிடித்தபடி கொஞ்ச நேரம் இருந்தாள். தன் தொழிற்சாலையில் நான்கு வருடமாக வேலை செய்கிறவள். "இருக்கிறார்கள் என்றுதான் சேர்ந்த அன்றைக்குச் சொன்னார்கள். யார் என்றுதான் தெரியாது. இதில் எதற்குப் புள்ளடி போடுவது?" என்றாள்.

திங்கட்கிழமை மூன்றாவது பெட்டியையும் சேர்த்துத்தான் படிவத்தை அனுப்பினோம். அதற்குப் பக்கத்தில் "இருக்கிறார்களாம், யாரென்று தெரியாது" என்று இருக்கிறது.