இயார் மாதம் 24: மாமியார் வீட்டுக் கதையைச் சேர்த்து வைத்த அனுபவம்

என் மாமியார் 1939-இல், ஏழு வயதில், வியன்னாவிலிருந்து இங்கிலாந்துக்குத் தனியாக ரயிலேறி வந்தவர். நாஜிகளிடமிருந்து பிள்ளைகளைக் காப்பாற்ற நடந்த 'கிண்டர்டிரான்ஸ்போர்ட்' என்ற ஏற்பாட்டில் 1938 டிசம்பர் முதல் போர் மூளும்வரை கிட்டத்தட்ட 10,000 பிள்ளைகள் இப்படி பிரிட்டனுக்கு வந்து சேர்ந்தார்கள். பெரும்பாலோர் யூதப் பிள்ளைகள். பெற்றோருக்கு அதில் இடமில்லை. அவருடைய அப்பா, அம்மா, பாட்டி மூவரும் வியன்னாவிலேயே தங்கிவிட்டார்கள். மூவரையும் அவர் அப்புறம் பார்க்கவே இல்லை.

அந்த வீட்டில் இதற்கு மேல் பேச்சு நகர்ந்ததில்லை. கேட்டால் அம்மா உடைந்துபோவார் என்று மகன் கேட்கவில்லை. சொன்னால் மகன் கலங்குவான் என்று அம்மா சொல்லவில்லை. மருமகளான நான் கேட்டபோது சொல்லத் தொடங்கினார். பெற்ற பிள்ளையிடம் சொல்ல முடியாததை வெளியிலிருந்து வந்தவளிடம் சொல்வது சிலருக்கு எளிது. உங்கள் குடும்பத்தில் இப்படியொரு முதியவர் இருந்தால், மருமகளையோ பேரனையோ கேட்கச் சொல்லிப் பாருங்கள்.

"அன்றைக்கு என்ன நடந்தது?" என்று நான் ஆரம்பிக்கவில்லை. பள்ளிக்கூடத்துக்கு எந்தத் தெரு வழியாகப் போனீர்கள், வெள்ளிக்கிழமை சாயங்காலம் விளக்கேற்றியது அம்மாவா பாட்டியா, என்ன சமையல் என்று கேட்டேன். வியன்னாவின் லியோபோல்ட்ஸ்டாட் பகுதியில் இருந்த வீடு, அப்பாவின் தொப்பிக் கடை, மாடிப்படியில் இருந்த தண்ணீர்க் குழாய் என்று ஒவ்வொன்றாக வந்தது. போனில் பதிவு செய்துகொண்டோம். அவர் களைத்ததும் நிறுத்திவிடுவேன். அன்றைய பதிவை அன்றைக்கே தேதி போட்டு இரண்டு இடத்தில் சேமிப்பேன்.

நினைவும் காகிதமும் முட்டிக்கொள்ளும் இடம்தான் முக்கியம் என்பது என் அனுபவம். கடும் குளிர்காலத்தில் புறப்பட்டதாக மாமியார் உறுதியாகச் சொன்னார். இந்தப் பிள்ளைகளைப் பற்றிய கோப்புகளை வேர்ல்ட் ஜூயிஷ் ரிலீஃப் என்ற தொண்டு நிறுவனம் காத்து வருகிறது. குடும்பத்தார் விண்ணப்பித்தால் நகல் தருகிறார்கள். அதிலிருந்த மாமியாரின் பதிவு அட்டையில் இருந்ததோ ஜூலை மாதம். அதை அவரிடம் காட்டினேன். வெகுநேரம் பார்த்துவிட்டு, "கோட்டு போட்டிருந்தேனே" என்றார். கொண்டுவர ஒரு சின்னப் பெட்டிக்குத்தான் அனுமதி. அதில் அடங்காத குளிர்கால கோட்டை அம்மா உடம்பிலேயே மாட்டி அனுப்பியிருக்கிறார். வரும் குளிர்காலத்தில் மகள் பக்கத்தில் இருக்கமாட்டாள் என்று அந்தத் தாய்க்குத் தெரிந்திருக்கிறது. அட்டையை நம்பி "குளிர்காலம்" என்பதைப் பதிவிலிருந்து நீக்கியிருந்தால் இது எங்களுக்குக் கிடைத்திருக்காது. இரண்டையும் எழுதி வையுங்கள்.

ஆஸ்திரிய அரசு ஆவணக் காப்பகத்துக்கும் எழுதினோம். 1938 மார்ச்சில் ஜெர்மனி ஆஸ்திரியாவைச் சேர்த்துக்கொண்டதும், 5,000 ரைக்ஸ்மார்க்குக்கு (அன்றைய ஜெர்மன் நாணயம்) மேல் சொத்துள்ள யூதர்கள் எல்லாவற்றையும் எழுதித் தரவேண்டும் என்று ஏப்ரலில் ஆணை வந்தது. மாமியாரின் அப்பா நிரப்பிய படிவம் பத்திரமாக இருந்தது. கடைச் சரக்கு, வெள்ளிக் கரண்டிகள், ஒரு பியானோ. பழைய ஜெர்மன் கையெழுத்து இன்றைய ஜெர்மன்காரர்களுக்கே பிடிபடாது. படிக்கத் தெரிந்த ஒரு முதியவர் உட்கார்ந்து எங்களுக்குப் பெயர்த்து எழுதித் தந்தார். கடிதம் எழுதியது எப்போதும் அம்மாதான் என்பதால், மாமியார் தன் அப்பாவின் கையெழுத்தைப் பார்த்தது அதுவே முதல் முறை. பறிப்பதற்காக எழுதி வாங்கிய தாளில் அதைப் பார்க்க நேர்ந்தது என்னால் இன்றும் பொறுக்க முடியாத விஷயம்.

போர் தொடங்கியபின் செஞ்சிலுவைச் சங்கம் வழியாக 25 சொற்களுக்குள் செய்தி அனுப்பலாம். மாமியாரிடம் இருந்த கடைசித் தாளில், "பயணம் போகிறோம், நலம், நன்றாகச் சாப்பிடு" என்று இருக்கிறது. எங்கே போனார்கள் என்பது அவருக்குத் தெரியாமலே இருந்தது.

நாஜிகளின் ஆவணங்களைத் திரட்டி வைத்திருப்பது ஜெர்மனியின் பாட் அரோல்சன் ஊரில் உள்ள அரோல்சன் காப்பகம். சுமார் 3 கோடி ஆவணங்கள். பெரும்பகுதியை இணையத்திலேயே தேடலாம், கட்டணமில்லை. லண்டனில் உள்ள வீனர் ஹோலோகாஸ்ட் நூலகத்திலும் அதன் மின்நகல் உண்டு, தேடுவதற்கும் உதவுகிறார்கள். மாமியாரின் அப்பா, அம்மா இருவர் பெயரும் 1942 மே 6 அன்று வியன்னாவின் அஸ்பாங் நிலையத்திலிருந்து புறப்பட்ட ரயிலின் பட்டியலில் இருந்தன. ஏறத்தாழ ஆயிரம் பேர். மே 11 அன்று இன்றைய பெலாரஸின் மின்ஸ்க் அருகே மாலி ட்ராஸ்தினெட்ஸ் போய்ச் சேர்ந்தது அந்த ரயில். வேலைக்கென்று பிரித்தெடுத்த சிலரைத் தவிர மற்றவர்களை அன்றே காட்டுக்குழிகளின் ஓரத்தில் சுட்டுக் கொன்றார்கள்.

யூதர்கள் இறந்த நாளை எபிரேய நாள்காட்டிப்படி ஆண்டுதோறும் நினைத்து மெழுகுவத்தி ஏற்றி, கதீஷ் பிரார்த்தனை சொல்வார்கள். நம் வீடுகளில் திதி பார்ப்பதுபோலத்தான். நாள் தெரியாததால் மாமியார் இத்தனை காலமும் யூதர்களின் பாவமன்னிப்பு நாளான யோம் கிப்பூர் அன்று மட்டும் பொதுவாக ஏற்றிவந்தார். 1942 மே 11 என்பது இயார் மாதம் 24. இப்போது அந்த நாளில் என் கணவர் கதீஷ் சொல்கிறார்.

அடுத்து, ஜெருசலேமில் உள்ள ஹோலோகாஸ்ட் (நாஜிகளின் யூதப் படுகொலை) நினைவகமான யாத் வஷேமுக்கு, கொல்லப்பட்டவர்களின் விவரம் பதியும் சாட்சியப் பக்கம் நிரப்பினோம். ஆளுக்கு ஒரு பக்கம். பெயர், பெற்றோர் பெயர், ஊர், தொழில், இறந்த இடம், அனுப்புபவரின் உறவுமுறை, கையொப்பம் எல்லாம் கேட்பார்கள். நாஜிப் பட்டியல்களில் ஏறக்குறைய எல்லா யூதப் பெண்களின் பெயரோடும் 'சாரா' ஒட்டியிருக்கும். 1939 முதல் சட்டம் போட்டுத் திணித்தது அது. மாமியார் அதை எழுதவிடவில்லை. வீட்டில் கூப்பிட்ட பெயரைத்தான் எழுதினோம். கையொப்பம் அவருடையது.

பாட்டியின் பக்கம் இன்னும் முடியவில்லை. அவர் பெயர் நாஜிகள் யூதர்களை அடைத்துவைத்த தெரேசியன்ஸ்டாட் முகாமின் பட்டியலில் இருக்கிறது, ஆனால் அங்கே இறந்ததற்கான அறிக்கை கிடைக்கவில்லை. 1942 செப்டம்பர், அக்டோபரில் அங்கிருந்து முதியவர்களை ட்ரெப்ளிங்கா கொலை முகாமுக்கு ஏற்றிச்சென்ற ரயில்களின் பட்டியல்களை இப்போது பார்த்துக்கொண்டிருக்கிறோம்.