குழந்தையோடு பேசப் படிப்பது: பகுதிநேர முதுநிலைப் பயிற்சியை முடிப்பது எப்படி

வார இறுதி வகுப்புதானே, வேலையோடு சமாளித்துவிடலாம் என்று கணக்குப் போட்டுத்தான் விளையாட்டு, படம், மணல் வழியாகக் குழந்தையின் மனதோடு பேசக் கற்றுத்தரும் இந்தப் பயிற்சியில் பலரும் சேர்கிறார்கள். கணக்கு தப்புவது வகுப்புக்கு வெளியே. ஒரு குழந்தையோடு 45 நிமிடம் இருந்தால், அதை எழுத 2 மணி நேரம், அனுபவமுள்ள ஒருவரோடு அதை அலசும் சூப்பர்விஷனுக்கு 1 மணி நேரம், போக வர நேரம் என்று வாரத்தில் அரை நாள் கரைந்துவிடும். இரண்டு குழந்தைகள் என்றால் ஒரு நாள். இதை வேலையிடத்தில் முதலிலேயே பேசி முடித்துவிடுவது நல்லது.

களப்பணிக்கான இடத்தையும் சேர்ந்த உடனேயே தேடத் தொடங்குங்கள். நிறுவனத்தின் அனுமதி, பெற்றோர் ஒப்புதல், குழந்தையின் சம்மதம், பின்னணிச் சரிபார்ப்பு எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாகத்தான் வரும். ஆசிரியராக இருப்பவர்கள் தங்கள் வகுப்புக் குழந்தையையே எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்பார்கள். வேண்டாம். மதியம் மதிப்பெண் போடப்போகிறவரிடம் காலையில் எந்தக் குழந்தை மனம்விட்டுப் பேசும்?

பயிற்சியில் ஆளை அடித்துப்போடுவது பதிவு எழுதுவதுதான். அறைக்குள் குறிப்பு எடுக்கக்கூடாது, ரெக்கார்டரும் கிடையாது. உளப்பகுப்பாய்வாளர் எஸ்தர் பிக் 1948இல் தொடங்கிய குழந்தை உற்றுநோக்கல் பயிற்சியின் முறை இது: வாரம் 1 மணி நேரம் பார்ப்பது, முடிந்தபின் நினைவிலிருந்து எழுதுவது, பிறகு சிறு குழுவில் வாசித்து விவாதிப்பது. குனிந்து எழுதும் நேரத்தில் குழந்தையின் முகத்தைத் தவறவிடுவோம்; நாம் எதை மறந்தோம் என்பதும் சூப்பர்விஷனில் பேச வேண்டிய விஷயமாகிவிடும். அறையை விட்டு வந்த கால் மணி நேரத்துக்குள் பத்துச் சொற்களை வரிசையாகக் கிறுக்கி வையுங்கள். அன்றிரவே முழுதாக எழுதுங்கள். மறுநாள் என்றால் வரிசை குழம்பும், மனம் அழகான கதையாக மாற்றிவிடும். தாளில் மூன்று பத்தி பிரித்துக்கொள்ளலாம்: குழந்தை சொன்னதும் செய்ததும், நான் சொன்னது, எனக்குள் நடந்தது. 'சோகமாக இருந்தான்' என்பது பதிவு ஆகாது. 'காரைக் கவிழ்த்து வைத்துவிட்டுச் சன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்தான்' என்பது பதிவு.

அடுத்தது நம் வாய். "ஏன் அழறே?" என்பது பெரியவர்களுக்குக் கேள்வி, குழந்தையின் காதில் குற்றச்சாட்டு. பொம்மை டைனோசர் குகையை விட்டு வர மறுத்தால், "வெளியே வரவே அதுக்குப் பயமா இருக்கு" என்பது போதும். "அது நீதானே?" என்று கேட்டால் விளையாட்டு அங்கேயே செத்துவிடும். பாராட்டும் இடைஞ்சல்தான். "சூப்பர்!" என்று சொன்ன மறு நிமிடத்திலிருந்து குழந்தை உங்களுக்காக வரையத் தொடங்கும். "தாள் முழுக்கக் கறுப்பு. இந்த ஓரத்தில மட்டும் இடம் விட்டிருக்கே" என்று கண்ணில் பட்டதைச் சொல்லிப் பாருங்கள். அதற்காகக் குழந்தை சொல்வதையெல்லாம் கிளிப்பிள்ளை மாதிரித் திருப்பிச் சொல்வதும் வேண்டாம்; "நான் சொன்னதையே ஏன் சொல்றீங்க?" என்று எட்டு வயதுக் குழந்தை கேட்டுவிடும்.

சுதந்திரம் என்றால் எல்லையே இல்லை என்று அர்த்தமில்லை. விளையாட்டுச் சிகிச்சைக்கு வர்ஜீனியா ஆக்ஸ்லைன் 1947இல் வகுத்த 8 கொள்கைகளில் கடைசி, தேவையான எல்லையை மட்டும் வைப்பது. சொல்லும் வரிசை முக்கியம்: "உனக்கு என் மேலே கோபம். மணலை என் மேலே வீசக்கூடாது. அந்தத் தலையணையை அடிக்கலாம்." 'கூடாது' முதலில் வந்தால் சண்டையாகிவிடும்.

குழந்தை பொம்மைகளை வைத்துத் தன் உலகத்தை அமைக்கும் மணல் தட்டுக்கு, மணல் விளையாட்டுச் சிகிச்சையை உருவாக்கிய டோரா கால்ஃப் வழியில் சுமார் 57 x 72 x 7 செ.மீ. அளவு. ஒரே பார்வையில் முழுதும் அடங்க வேண்டும் என்பதே காரணம். தண்ணீராகவும் வானமாகவும் ஆகட்டும் என்று உள்ளே நீலம் பூசுவார்கள். பழகுவதற்கு நீலப் பிளாஸ்டிக் தொட்டி போதும். பொம்மைகளை வாரா வாரம் மாற்றாதீர்கள். போன வாரம் புதைத்த புலியைத் தேடித்தான் குழந்தை வரும்.

ரகசியம் பற்றி முதல் நாளே பேசிவிட வேண்டும்: "நீ பேசுறது நமக்குள்ள இருக்கும். யாருக்காவது ஆபத்துன்னா மட்டும், உதவி செய்யறவங்ககிட்ட சொல்வேன்." 'யாரிடமும் சொல்ல மாட்டேன்' என்ற வாக்குறுதியைக் கொடுக்கவே கூடாது. குழந்தை ஒரு கொடுமையைச் சொன்னால் "அப்புறம்?" என்பதோடு நிறுத்துங்கள். "அவர் அடிச்சாரா?" என்று நாம் எடுத்துக்கொடுத்தால், பின்னால் விசாரணையில் அந்தச் சொல் யாருடையது என்ற சிக்கல் வரும். குழந்தை சொன்ன சொற்களை அப்படியே எழுதி, நிறுவனத்தின் குழந்தைப் பாதுகாப்புப் பொறுப்பாளரிடம் அன்றே கொடுத்துவிடுங்கள். துப்பறிவது நம் வேலை இல்லை.

சந்திப்புகள் முடியப்போவதைக் குழந்தையிடம் குறைந்தது நான்கு வாரம் முன்பே சொல்லுங்கள். தாளில் நான்கு வட்டம் போட்டு, வாரம் ஒன்றைக் குழந்தையே அடிக்கட்டும். கடைசி வாரம் குழந்தை வராமலோ முகம் கொடுக்காமலோ இருக்கலாம். அதையும் பதிவில் எழுத வேண்டும். வரைந்த படங்கள் யாருக்கு என்பதைத் தொடக்கத்திலேயே பேசியிருந்தால், அன்று தாளை ஆளுக்கொரு பக்கம் பிடித்து இழுக்க வேண்டியிராது. அவை குழந்தைக்கே. கேஸ் ஸ்டடிக்குப் படம் தேவையென்றால் அதற்குத் தனி ஒப்புதல் வாங்கி, பெயர் தெரியாதபடி எடுத்துக்கொள்ளுங்கள்.