1/125-ல் வாள்வீச்சு: எச்பி5 பிலிமோடு இதுவரை

உள்ளரங்க வாள்வீச்சைப் படமெடுக்க இப்போதைக்கு எனக்குச் சரிப்பட்டு வந்திருக்கிற கணக்கு இது: 400 வேகமுள்ள இல்ஃபோர்ட் எச்பி5 கறுப்பு-வெள்ளை பிலிமை 1600-க்குத் தள்ளுவது (1600 என்று வைத்துக் குறைந்த ஒளியில் எடுத்து, கழுவும்போது நேரத்தைக் கூட்டி ஈடுகட்டுவது), 85எம்எம் லென்ஸ் எஃப்2 துளையில், ஷட்டர் 1/125 நொடி. ஓடியாடும் விளையாட்டுக்கு 1/125-ஆ என்று கேட்பீர்கள். கொழிஞ்சாம்பாறையிலிருந்து பஸ் பிடித்துப் பாலக்காடு போய் நான் எடுப்பது சின்ன அளவில் நடக்கும் போட்டிகள், பிளாஷ் அடிக்க விடமாட்டார்கள், அரங்கின் விளக்குகளோ மலிவானவை. நம் 50 ஹெர்ட்ஸ் கரண்டில் அந்த மாதிரி விளக்கு நொடிக்கு 100 தடவை ஏறி இறங்கும். 1/500 வைத்தால் ஒரு பிரேம் பளிச், அடுத்தது மங்கல், சிலதில் குறுக்கே பட்டை வேறு. 1/125-ல் அது பெரும்பாலும் அடங்கிவிடுகிறது.

அசைவை என்ன செய்வது? வாள்வீச்சில் ஒரு வகையான எபே ஆட்டத்தைக் கொஞ்ச நேரம் சும்மா பாருங்கள். இரண்டு பேரும் குதித்துக் குதித்துக் காத்திருப்பார்கள், திடீரென்று ஒருவர் பாய்வார். முன்கால் குதிகால் தரையில் அறைந்து, முழங்கால் மடங்கி, கை நீண்டு நிற்கும் அந்த நொடித்துணுக்கில் உடம்பு கிட்டத்தட்ட அசையாது. வாள் நுனி மட்டும் வளைந்து கலங்கித் தெரியும், அது எனக்குப் பிடித்தே இருக்கிறது. கால் அறையும் சத்தம் கேட்டு அழுத்தினால் தாமதம், பின்கால் நிமிரும்போதே அழுத்த வேண்டும்.

போகஸை நகர்த்திக்கொண்டே போவது வீண் வேலை. களம் 14 மீட்டர் நீளம், நடுக்கோட்டிலிருந்து இரண்டு மீட்டரில் ஆட்டக்காரர் நிற்கும் கோடு. அதிலிருந்து ஒரு எட்டு முன்னால் போகஸை வைத்துவிட்டுக் காத்திருக்கிறேன். ஆறு மீட்டர் தூரத்தில் எஃப்2-க்குக் கூர்மையாக விழும் ஆழம் 60 சென்டிமீட்டர் போலத்தான், ஆகவே பாதி பிலிம் போனால் போகட்டும்.

எபேயில் உடம்பு முழுக்க இலக்கு, மற்ற வகைகளில் இலக்கைக் காட்டப் போடும் வெள்ளி நிற ஜாக்கெட் கிடையாது, முகமூடி தவிர மொத்தமும் வெள்ளை. ஒளிமீட்டர் அதைப் பார்த்து ஏமாந்து ஒளியைக் குறைக்கச் சொல்லும். நான் உள்ளங்கையை அளந்து ஒரு ஸ்டாப், அதாவது இரண்டு மடங்கு ஒளி, கூட்டிக்கொள்கிறேன். அப்படியும் வலைக்குப் பின்னால் முகம் தெரியாது. பாயின்ட் விழுந்ததும் முகமூடியைக் கழற்றிக் கத்துவார்களே, முகம் வேண்டுமென்றால் அதுதான் தருணம்.

“ஏனுங்க, பாப்பா படத்தை இப்பவே காட்ட முடியாதுங்களா?” என்று ஒரு அம்மா கேட்டார். கழுவணுங்க அக்கா என்றேன். நம்பவில்லை.

கழுவுவது மைக்ரோஃபென் என்கிற டெவலப்பரில். 20 டிகிரியில் 11 நிமிடம் என்கிறது அட்டவணை, எங்கள் ஊர்க் குழாய்த் தண்ணீரோ வெயில் காலத்தில் சுடச்சுட வருகிறது. பாட்டிலை ஐஸ் போட்ட வாளியில் நிறுத்தி 24-க்கு இறக்கி, ஏழரை நிமிடத்தை ஒட்டி முடிக்கிறேன். படத்தில் மணி மணியாய்க் கிரெய்ன் (புள்ளிகள்) வருகிறது, வெள்ளை உடுப்பில் அது உறுத்தவில்லை.

அடுத்து எடுக்க நினைப்பது சேபர், வாள்வீச்சில் இன்னொரு வகை. டோக்கியோ ஒலிம்பிக்கில் பவானி தேவி ஆடியது அந்த வகைதான், அவர் பயிற்சி எடுத்த தலச்சேரிப் பக்கம் போய்ப் பார்க்க ஆசை. ஆனால் சேபரில் காத்திருப்பு கிடையாது, நடுவர் சொன்ன கையோடு இருவரும் பாய்ந்து முடிந்துவிடும். அதற்கு 1/125 பத்தாது. ஷட்டரை வேகமாக்க டெல்டா 3200 பிலிம் ஒரு ரோல் வாங்கி வைத்திருக்கிறேன், பெயரில்தான் 3200, உண்மை வேகம் 1000 சொச்சம்.