ஃபைட்டர் மீனின் மூன்று நாள் முடக்கம்

எங்கள் வீட்டு நீல நிற ஃபைட்டர் மீன் மூன்று நாட்களாகத் தொட்டியின் அடியில் ஒருக்களித்துக் கிடந்து, அவ்வப்போது மட்டும் மேலே வந்து ஒரு வாய் காற்றை விழுங்கிவிட்டுத் திரும்பியதைக் கண்டு, நோய்தான் என்று முடிவுகட்டி மருந்து வாங்கவும் கிளம்பிவிட்டேன். காற்றை விழுங்குவது இவ்வகை மீனுக்கு இயல்பே. செவுள்களுக்கு மேலுள்ள லாபிரிந்த் உறுப்பின் வழியே அது காற்றிலிருந்தும் சுவாசிக்கும். கிடந்த கிடைதான் உறுத்தியது. வெப்பமானியை இட்டுப் பார்த்தால் நீர் 21 டிகிரி. தாய்லாந்தின் வெதுவெதுப்பான வயல் நீரில் வாழ்ந்த இனத்துக்கு 25 முதல் 27 டிகிரியாவது வேண்டும். இரவெல்லாம் ஏசி ஓடும் அறையில் தொட்டியை வைத்த புண்ணியவான் நான்தான். ஹீட்டர் பொருத்தி மெல்லச் சூடேற்றிய மறுநாள் மாலை, கண்ணாடியில் தெரிந்த தன் பிம்பத்தின் முன் செவுள் மூடிகளை விரித்துக்கொண்டு சண்டைக்கு நின்றது.