ஏர்கான் தண்ணீரில் இற்றுப்போன மரமேடையைச் சரிசெய்த அனுபவம்

அம்மாவின் அறையில் ஏர்கானுக்கு நேர் கீழே கால் வைத்தால் தரை லேசாக உள்வாங்குகிறது என்று அவர் முதலில் சொன்னது நவம்பர் கடைசியில். பார்க்கலாம் என்று இரண்டு நாள் விட்டுவிட்டேன். மூன்றாம் நாள் இரவு பாத்ரூமுக்கு எழுந்தவரின் கால் கணுக்கால்வரை பலகைக்குள் இறங்கிவிட்டது. நல்லவேளை, சிராய்ப்போடு போயிற்று. எழுபத்தொரு வயதில் இடுப்பெலும்பு முறிந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்ற நினைப்பு இன்னும் என்னை விடவில்லை. வீட்டில் இப்படி மரமேடை வைத்திருப்பவர்கள் படிக்கட்டும் என்றுதான் நடந்ததை விவரமாக எழுதுகிறேன்.

எங்களுடையது சிங்கப்பூரின் ஈசூனில் நாலறை வீடு. அம்மாவின் அறையில் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் மேடை கட்டினோம். வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) வீடுகள் பலவற்றில் பார்த்திருப்பீர்கள்: டைல் தரைமேல் ஓர் அடி உயரத்துக்கு மரச்சட்டங்கள், அவற்றின்மேல் பிளைவுட், அதன்மேல் பசை போட்டு ஒட்டிய வைனல். மேலே மெத்தை, கீழே இழுப்பறைகளில் துணிமணி. மூலையில் ஒரு பகுதி அம்மாவின் கொலு பொம்மைகளுக்கு.

முதல் தடவை நான் செய்த வேலை தவறு. ஓட்டை விழுந்த இடத்தைச் சதுரமாக வெட்டி எடுத்து, அதே அளவில் புதுப் பிளைவுட் துண்டை முடுக்கி, ஓரத்தில் சிலிக்கான் பூசி, வைனலை ஒட்டினேன். அரை நாளில் முடிந்தது. மூன்று வாரம் கழித்து, வைத்த துண்டைச் சுற்றிலும் மறுபடி நெகிழ்ந்தது. ஈரத் துணியை மூட்டை கட்டி வைத்தாற்போல ஒரு வாடை வேறு. அம்மா பொம்மைகளை வெளியே எடுத்தபோது சுற்றியிருந்த செய்தித்தாள் பூசணம் பிடித்து ஒட்டிக்கொண்டிருந்தது. தசரதர் செட்டில் இரண்டு பொம்மைகளின் சாயம் கையோடு வந்துவிட்டது. அதைப் பார்த்து அம்மா ஒன்றும் பேசவில்லை. எனக்கு அதுதான் கஷ்டமாக இருந்தது.

தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று தெரியாமலே மூடியிருக்கிறேன். சரி, முதலில் அதைக் கண்டுபிடிப்போம் என்று உட்கார்ந்தேன்.

அப்போது வடகிழக்குப் பருவமழைக் காலம். ஜன்னல் பக்கச் சுவர் வழியாக மழைநீர் இறங்குகிறதோ என்பது முதல் சந்தேகம். சுவரில் ஈரக்கறையின் ஓரத்தைப் பென்சிலால் கோடு போட்டு, பக்கத்தில் தேதி எழுதி வந்தேன். மழையே இல்லாத நான்கு நாள்களிலும் கறை கோட்டைத் தாண்டியது. ஆக மழை இல்லை. அடுத்து மேல்வீடு. வீவக வீடுகளில் மேல்வீட்டுப் பாத்ரூம் தளத்தில் நீர்த்தடுப்புப் பூச்சு கெட்டுப்போய்க் கீழ்வீட்டுக் கூரையில் ஒழுகுவது அடிக்கடி கேட்கும் பிரச்சினை. அப்படியானால் பழுதுபார்ப்பு இரு வீட்டாருக்கும் கூட்டுப் பொறுப்பு. வீவகவின் உதவித் திட்டத்தில் சேர்ந்தால் செலவில் 50 விழுக்காட்டை வீவக ஏற்கும், மேல்வீடும் கீழ்வீடும் தலா 25 விழுக்காடு கொடுக்க வேண்டும். ஆனால் எங்கள் கூரையில் ஒரு சொட்டு ஈரம்கூட இல்லை. சுவரின் கீழ்ப்பாதி மட்டும்தான் நனைந்திருந்தது. மேல்வீட்டுச் சீனத் தம்பதியிடம் போய்ப் புகார் சொல்வதற்கு முன் கூரையை நிமிர்ந்து பார்த்தது நல்லதாகப் போயிற்று.

மிச்சம் இருந்தது ஏர்கான். சர்வீஸ் ஆள் வந்து, ஏர்கானில் தண்ணீர் சேரும் தட்டில் கூழ்போலப் படிந்திருந்த அழுக்கை உறிஞ்சி எடுத்து, “இனி ஒழுகாது” என்று சொல்லிவிட்டுப் போனார். தட்டு சுத்தமானது உண்மை. ஆனால் கறை நிற்கவில்லை.

இங்கேதான் ஒரு சின்னச் சோதனை உதவியது. அம்மாவிடம் கேசரிப் பவுடர் வாங்கி இரண்டு லிட்டர் தண்ணீரில் கலந்து, ஏர்கான் தட்டில் மெதுவாக ஊற்றினேன். வடிகுழாய் போய் முடிவது பாத்ரூமில். அங்கே வாளி வைத்து மகளைப் பிடிக்கச் சொன்னேன். வாளிக்கு வந்தது ஒன்றேகால் லிட்டர். முக்கால் லிட்டர் வழியிலேயே காணோம். பத்து நிமிடத்தில், மேடை சுவரைத் தொடும் இடத்தில் ஆரஞ்சு நிறம் எட்டிப் பார்த்தது.

குழாயை மறைக்கும் டிரங்கிங் மூடியைக் கழற்றினால், மேடை மட்டத்துக்குக் கீழே குழாய் திரும்பும் முழங்கை இணைப்பு பசை போடாமல் வெறுமனே செருகப்பட்டிருந்தது. பொருத்தியபோதே விட்ட குறை. தட்டு அடைத்து, தண்ணீர் தேங்கி, பின் ஒரேயடியாக இறங்கியபோது கொஞ்சம் கொஞ்சமாக நழுவியிருக்க வேண்டும். ஏர்கானிலிருந்து எவ்வளவு தண்ணீர் வடிகிறது என்று பலருக்குத் தெரியாது. இணைப்பைச் சரிசெய்த பிறகு ஓர் இரவு முழுக்க வாளியில் பிடித்துப் பார்த்தேன்: எட்டு மணி நேரத்தில் ஐந்து லிட்டருக்கு மேல். நம் ஊர்க் காற்றில் அவ்வளவு ஈரம். அதில் மூன்றில் ஒரு பங்கு தினமும் மரத்துக்குள் போனால் எந்த மரம் தாங்கும்?

குழாயை வெட்டிப் புது முழங்கை போட்டு, பிவிசி பசை தடவி, மேலே காப்புறை சுற்றினோம். மறுநாள் அதே கேசரித் தண்ணீர், இரண்டு லிட்டர் ஊற்றி இரண்டு லிட்டர் வாங்கினேன். அதற்குப் பிறகுதான் மேடையில் கை வைத்தேன்.

இந்த முறை ஆசாரி ஒருவரைக் கூப்பிட்டேன். ஜொகூர் பாருவிலிருந்து தினமும் பாலம் தாண்டி வேலைக்கு வருகிறவர். அவர் முதலில் செய்தது, வீட்டின் மின்சுவிட்சுகள் இருக்கும் டிபி பெட்டியில் அந்த அறையின் மின்விசையை அணைத்ததுதான். மேடைக்குள் பிளக் பாயின்ட் வயர் போகிறது. பிறகு வட்ட ரம்பத்தின் ஆழத்தைப் பிளைவுட்டின் 18 மில்லிமீட்டருக்கு மட்டும் வைத்தார். கொஞ்சம் இறங்கினாலும் கீழே உள்ள சட்டம் வெட்டுப்படும். இருவரும் என்95 முகக்கவசம் போட்டுக்கொண்டோம். பூசணம் பிடித்த பலகையை உலர்வாகப் பெருக்கக் கூடாது, தூளெல்லாம் காற்றில் ஏறிவிடும். சோப்புத் தண்ணீர் தெளித்து ஈரத்துணியால்தான் துடைத்தோம்.

வெட்டும் வேலையை வார நாளில் காலை 9 மணியிலிருந்து மாலை 5 மணிக்குள்தான் செய்ய முடியும். சத்தம் வரும் வேலைகளுக்குச் சனி, ஞாயிறு, பொது விடுமுறை நாள்களில் வீவக விதியில் இடமில்லை. அதனால் இரண்டு நாள் லீவு எடுத்தேன். எதிர்வீட்டு மக்சிக்கிடம் (மலாய்க்காரப் பெரியம்மா) முன்னாடியே சொல்லி, அவர் பேரக்குழந்தை தூங்கும் நேரத்தை விட்டுவிட்டு ரம்பத்தை ஓட்டினோம்.

திறந்து பார்த்தபோது மேலே ஒரு சாண் அகல ஓட்டைக்குக் கீழே ஐந்தடிக்கு நாலடி கெட்டிருந்தது. ஆசாரி ஸ்குரூ டிரைவரால் ஒவ்வொரு சட்டமாகக் குத்திக்கொண்டே போனார். நல்ல மரம் முனையை உள்ளே விடாது, ‘டக்’கென்று நிற்கும். இற்ற மரம் கேக் மாதிரி வாங்கிக்கொள்ளும். மூன்று சட்டங்களின் சுவரோர முனைகள் ஒவ்வோர் அடிக்கு அப்படிப் போயிருந்தன. கரையான் மண்பாதை இருக்கிறதா என்று டார்ச் அடித்து மூலைமுடுக்கெல்லாம் தேடினோம். இல்லை. இருந்திருந்தால் கதையே வேறு.

கெட்டதை எல்லாம் அன்றைக்கே அள்ளியாயிற்று. புதுப் பலகை வாங்கி வரவா என்று கேட்டேன்.

“மூடணும்னா இன்னிக்கே மூடலாம் தம்பி. ஆறு மாசத்துல திரும்ப என்னைக் கூப்பிடுவீங்க. ஈரம் மட்டும் மரத்த அழிக்காது, ஈரத்த உள்ள வச்சு மூடுறதுதான் அழிக்கும்.”

மீட்டர் ஒன்று வாங்குங்கள் என்றார். முப்பது சிங்கப்பூர் வெள்ளிக்குள் கிடைத்தது. இரண்டு ஊசிகளை மரத்தில் குத்தினால் ஈரம் எத்தனை விழுக்காடு என்று காட்டும். 20-க்குக் கீழே இருந்தால் பூஞ்சையால் மரத்தை அரிக்க முடியாது. மேடையின் மறுகோடியில், தண்ணீரே படாத இடத்தில் 13 காட்டியது. சுவரோரச் சட்டத்தில் 31.

அம்மா மகளின் அறைக்குப் போனார். நான் மின்விசிறியைச் சட்டங்களின் இடைவெளிக்குள் ஊதும்படி வைத்து, ஜன்னலை இரவும் பகலும் திறந்து விட்டேன். மூன்று நாளில் 28-க்குத்தான் வந்தது, நாலாம் நாள் காலை 29. ஏன் ஏறியது என்று யோசித்தபோதுதான் புரிந்தது. சிங்கப்பூரில் பிற்பகலில் காற்றின் ஈரப்பதம் 60 விழுக்காட்டை ஒட்டி இறங்கினாலும், விடியலில் 90-ஐத் தாண்டிவிடும். இரவில் ஜன்னலைத் திறந்து வைத்து மரத்துக்கு நானே ஈரம் ஊட்டியிருக்கிறேன். அன்றிலிருந்து வெயில் அடிக்கும் பிற்பகலில் மட்டும் ஜன்னல் திறப்பு. மழையென்றாலும் இரவென்றாலும் ஜன்னலைச் சாத்திவிட்டு ஈரம் உறிஞ்சும் கருவி. நண்பர் வீட்டிலிருந்து இரவல் வாங்கியது. அதன் தொட்டியில் முதல் இரவே இரண்டு லிட்டருக்கு மேல் சேர்ந்தது. பதினோராம் நாள் மீட்டர் 15 காட்டியது.

தரைக்கும் ஒரு சோதனை உண்டு. ஒன்றரை அடிச் சதுரத்தில் தடித்த பிளாஸ்டிக் தாளைத் தரையில் வைத்து நான்கு ஓரமும் டேப் ஒட்டி, ஒரு நாள் விட்டுப் பாருங்கள். அடியில் வியர்த்திருந்தால் தளத்துக்குள் ஈரம் இன்னும் இருக்கிறது என்று பொருள். எங்களுக்கு முதல் தடவை டைல் இடுக்குகளின் மேல் பனித்திருந்தது. ஐந்து நாள் கழித்து மறுபடி ஒட்டியபோது காய்ந்திருந்தது. அம்மா தினமும் கதவருகே நின்று “முடிஞ்சிருச்சாய்யா?” என்று கேட்பார். இல்லைம்மா என்று சொல்லக் கஷ்டமாகத்தான் இருந்தது.

பிறகு வேலை வேகமாக நடந்தது. சுங்கை காடுட் மரக்கடையில் 18 மில்லிமீட்டர் மரைன் பிளைவுட்டையும் கப்பூர் மரச் சட்டங்களையும் அளவு கொடுத்து வெட்டி வாங்கினோம். எட்டடிப் பலகை எங்கள் புளோக் லிஃப்டில் நுழையாது. சட்டங்களின் இற்ற முனைகளை நல்ல மரம் வரும்வரை அறுத்து, பக்கத்தில் புதுச் சட்டத்தை இரண்டடி ஒட்டுமாறு சேர்த்து போல்ட் போட்டோம். அறுத்த முனைகளில் இப்பாக்சி தடவினோம், தண்ணீரைக் குடிப்பது மரத்தின் முனைதான். எந்தச் சட்டமும் டைலைத் தொடாதபடி அடியில் ரப்பர் துண்டுகள் வைத்தோம். பழைய பலகையின் வெட்டு ஒரு சட்டத்தின் நடுவில் வந்து நிற்குமாறு முன்பே வெட்டியிருந்ததால், பழைய பலகை, புதுப் பலகை இரண்டின் ஓரமும் அதே சட்டத்தில் உட்கார்ந்தன. நடுவில் மூன்று மில்லிமீட்டர் இடைவெளி, துருப்பிடிக்காத எஃகு ஸ்குரூ.

சீரமைப்புக் குப்பையை நகர மன்றம் எடுக்காது. ஒரு லாரிக்காரருக்குப் பணம் கொடுத்தோம். அவர் வரும்வரை மூட்டைகள் ஹாலிலேயே இருந்தன. நடைபாதையில் 1.2 மீட்டர் வழி விட வேண்டும் என்பது தீயணைப்புப் படையின் விதி, எங்கள் வாசலில் மூட்டை வைத்தால் அவ்வளவு மிஞ்சாது.

பழைய மேடையில் இல்லாத இரண்டு விஷயங்களைச் சேர்த்தோம். முகப்பில் ஆறு காற்றுத் துளைகள், பூச்சி நுழையாமல் வலையோடு. முழங்கை இணைப்பு இருக்கும் இடத்துக்கு நேராக, கையால் தூக்கித் திறக்கும் ஒரு சின்ன மூடி. வைனல் ஒட்டவில்லை. பன்னிரண்டு ஆண்டும் ஈரம் வெளியே தெரியாமல் மறைத்தது அந்த வைனல்தான். பிளைவுட்டின்மேல் மூன்று கோட் வார்னிஷ் அடித்ததோடு நிறுத்திக்கொண்டோம்; ஈரம் பட்டால் மரம் கறுக்கும், கண்ணுக்குத் தெரியும். பழைய பளபளப்பு இல்லையே என்று அம்மாவுக்குக் குறைதான். காரணத்தைச் சொன்னேன். தலையை ஆட்டினார், ஆனாலும் ஒரு ஜமக்காளம் வாங்கி விரித்துக்கொண்டார். அதை வாரத்துக்கு ஒரு முறையாவது சுருட்டி வைக்கச் சொல்லியிருக்கிறேன்.

ஆசாரிக்கு இரண்டு நாள் கூலி சேர்த்து ஆயிரத்து இருநூறு வெள்ளி போல ஆனது. முதல் தடவையே ஒழுகலைத் தேடியிருந்தால் இதில் பாதியோடு போயிருக்கும்.

இப்போது ஒவ்வொரு முறை ஏர்கான் சர்வீஸ் முடிந்ததும் இரண்டு லிட்டர் ஊற்றி இரண்டு லிட்டர் வருகிறதா என்று பார்க்கிறோம். வாளி பிடிப்பது மகளின் வேலை. போன வாரம் மூடியைத் திறந்து சுவரோரச் சட்டத்தில் மீட்டரைக் குத்தினேன். 14. மறுநாள் அம்மா பொம்மைப் பெட்டிகளைத் திரும்பக் கொண்டுவந்து உள்ளே அடுக்கினார், சுவரிலிருந்து ஒரு முழம் தள்ளி.